விலகும் பொத்தானை ஒளித்து வைப்பது யார்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் அப்பா ஓர் உடற்பயிற்சிச் செயலியில் ஏழு நாள் இலவசம் என்பதைப் பார்த்து ஒரே தட்டில் சேர்ந்தார். இரண்டாம் வாரமே அதைத் திறப்பதை விட்டுவிட்டார். பதினொரு மாதமாக மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. நீங்கள் உட்கார்ந்து ரத்து செய்யப் பார்த்தால் ஒன்பது திரைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. "இதை வேண்டுமென்றே செய்கிறார்களா, இல்லை ஒழுங்காக வடிவமைக்கத் தெரியாமல் செய்கிறார்களா, உள்ளே இருக்கிற யாராவது உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், அப்பா "எனக்கு இந்த போனெல்லாம் ஒத்துவராது" என்று சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பு அவர் மேலா, திரை மேலா?

நான் பதினாறு வருடமாகத் திரை வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் மொழிபெயர்த்த திரைகளைச் சரிபார்ப்பதிலும், ஆட்களை உட்காரவைத்து அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதிலும் போயிருக்கிறது. சட்டம் படித்தவன் இல்லை. நிறுவனத்தின் வருமானக் கணக்குப் போடும் அறைக்குள் என்னை யாரும் விட்டதும் இல்லை. அதனால் கண்ணால் பார்த்தது எது, வழக்குகளில் வெளிவந்தது எது, என் ஊகம் எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

என் பதில் இதுதான்: ஒரு திரை முதன்முதலில் அப்படி அமைவது பல நேரம் தற்செயல். ஆனால் அது அப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அங்கேயே கிடப்பது தற்செயல் இல்லை. "வேண்டுமென்றே செய்கிறார்களா" என்று கேட்டால் எங்கள் துறையில் எல்லோரும் மனசாட்சியோடு "இல்லை" என்று சொல்லிவிடலாம். "தெரிந்தும் விட்டுவைக்கிறார்களா" என்று கேட்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சந்தா சேவையின் தமிழ்த் திரைகளைச் சரிபார்க்கும் வேலை வந்தது. கணினித் தமிழில் 'கேன்சல்' பொத்தானுக்கு 'ரத்துசெய்' என்று போடுவது ரொம்ப நாள் வழக்கம். மொழிபெயர்ப்பு மென்பொருளின் நினைவகத்தில் அது உறைந்துபோய் இருக்கும், எங்கே கேன்சல் வந்தாலும் அந்தச் சொல் தானாக வந்து விழும். இந்தச் சேவையில் விலகும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். 'உங்கள் சந்தாவை ரத்துசெய்ய விரும்புகிறீர்களா?' என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள்: 'ரத்துசெய்', 'தொடர்க'. ஆங்கில மூலத்தை எழுதியவர் மனதில் முதல் பொத்தானுக்கு 'இந்தப் பெட்டியை மூடு' என்று பொருள். இரண்டாவதற்கு 'விலகும் வேலையைத் தொடர்' என்று பொருள். தமிழில் படிக்கிறவர் என்ன செய்வார்? ரத்து செய்ய வந்தவர் 'ரத்துசெய்' என்பதைத்தான் அழுத்துவார். பெட்டி மூடிக்கொள்ளும், சந்தா அப்படியே இருக்கும். அவர் வேலை முடிந்தது என்று போனைக் கீழே வைத்துவிடுவார்.

ஒரு சோதனை அமர்வில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று முறை அழுத்தினார், மூன்று முறையும் பெட்டி மூடியது. நான்காவது முறை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார். "நான் ரத்துசெய்ங்கிறதைத்தானே தம்பி அழுத்துறேன்? எனக்குத்தான் ஏதோ புரியல போல" என்றார். அமர்வின் விதிப்படி பார்வையாளர் வாயைத் திறக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்கத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒருவர், தனக்குத் தமிழ் புரியவில்லை என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை நடந்ததில் யாரும் சதி செய்யவில்லை. ஒரு சொல் தவறான இடத்தில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். நான் படத்தோடு அறிக்கை எழுதி அனுப்பினேன். டிக்கெட் பதிவானது, அதாவது சரிசெய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் அது ஏறியது, முன்னுரிமை 'குறைவு' என்று போட்டார்கள். ஏன் குறைவு என்று கேட்டபோதுதான் டாஷ்போர்டை, அதாவது பயன்பாட்டு எண்களைக் காட்டும் திரையை, காட்டினார்கள். தமிழில் பயன்படுத்துகிறவர்கள் விலகும் விகிதம் மற்ற மொழிகளைவிடக் குறைவாக இருந்தது. முந்தைய காலாண்டுக் கூட்டத்தில் 'தமிழ் வாடிக்கையாளர்கள் விசுவாசமானவர்கள்' என்று ஒரு ஸ்லைடே போட்டிருந்தார்களாம். அதைப் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் எண்ணைப் பார்த்தார், காரணம் தெரியாது. ஆனால் என் அறிக்கைக்குப் பிறகு அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் காரணம் தெரியும். பொத்தானின் சொல்லை மாற்றப் பத்து நிமிடம் போதும். அந்த டிக்கெட் இரண்டு காலாண்டு கிடந்தது. யாரும் "மாற்றாதே" என்று சொல்லவில்லை. மாற்றினால் ஒரு எண் மோசமாகும், அதற்குக் கையெழுத்துப் போட யாரும் தயாராக இல்லை.

உங்கள் ஒன்பது திரைகளும் பெரும்பாலும் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஒன்பது திரை வேண்டும் என்று யாரும் ஒரே நாளில் வரைந்திருக்க மாட்டார்கள். ஒரு குழு 'ஏன் விலகுகிறீர்கள்' என்று ஒரு திரை சேர்க்கும். இன்னொரு குழு பாதி விலைச் சலுகையை அடுத்த திரையில் வைக்கும். ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பாதிப் பேருக்குப் பழைய திரை, மீதிப் பேருக்குப் புதிய திரை, எதில் அதிகம் பேர் தங்குகிறார்கள் என்று பார்ப்பது. இதை ஏ/பி சோதனை என்போம். பயனுள்ள கருவிதான், நானே நூறு முறை பயன்படுத்தியிருக்கிறேன். கோளாறு எங்கே என்றால், அது தங்கியவர்களை மட்டும்தான் எண்ணும். மனம் மாறித் தங்கியவர், வழி தெரியாமல் களைத்துப்போய்த் தங்கியவர் இருவருக்கும் ஒரே கட்டம்தான். அந்தக் கட்டத்துக்கு எங்கள் பேச்சில் 'காப்பாற்றப்பட்டவர்கள்' என்று பெயர். உங்கள் அப்பா பதினொரு மாதம் அந்தக் கட்டத்தில் இருந்திருக்கிறார்.

இது என் அனுபவம், ஒரு ஆளின் சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் பதிவானதைப் பார்ப்போம். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மேல் வழக்குப் போட்டது. பிரைம் சந்தாவிலிருந்து விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று அந்தப் புகார் மனு சொன்னது. ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் மாபெரும் காவியம் அது. நான்கு பக்கம், ஆறு சொடுக்கு, பதினைந்து தெரிவுகள் என்று எண்ணிக்கையும் கொடுத்திருந்தார்கள். பெயர் வைத்தவர் தமிழ் தெரிந்தவராக இருந்தால் 'சக்கரவியூகம்' என்று வைத்திருப்பார், அபிமன்யுவுக்கும் உள்ளே போக மட்டும்தான் தெரியும். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது: 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டது, ஆகவே 'குற்றம் நிரூபணமானது' என்று நான் எழுத மாட்டேன். ஆனால் ஒரு வழிக்கு அப்படி ஒரு பெயர் வைக்கிறவர்களுக்கு அது நீளம் என்று தெரியாமலா இருக்கும்?

அமேசான் மேல் வழக்குப் போடுவதற்கு ஆறு மாதம் முன்னால், 2022 டிசம்பரில், ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் இதே ஆணையத்தோடு இன்னொரு சமரசத்துக்கு வந்தது. அதில் 24.5 கோடி டாலர் இந்த வகை வடிவமைப்புக்காக மட்டும். ஒரு பொருளைச் சும்மா பார்க்க நினைத்துப் பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டாலே பணம் போய்விடும்படி திரை இருந்தது என்பது குற்றச்சாட்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தும், ஊழியர்களே திரும்பத் திரும்பச் சொல்லியும் நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்று ஆணையம் எழுதியது. என் 'ரத்துசெய்' டிக்கெட்டின் பெரிய அண்ணன் அது. எல்லா இடத்திலும் உள்ளேயிருந்து சொல்ல யாராவது ஒருவர் இருப்பார்.

சரி, ஒன்பது திரையை விடுங்கள், அது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. உங்கள் அப்பாவிடமிருந்து பதினொரு மாதப் பணத்தை எடுத்தது அந்தத் திரைகள் இல்லை. அவர் அவற்றைப் பார்க்கவே இல்லையே, பார்த்தது நீங்கள்தான். அவரிடம் பணத்தை எடுத்தது, சேரும்போதே 'தானாகப் புதுப்பி' என்று முன்கூட்டியே போட்டிருந்த ஒரு டிக். எங்கள் துறையில் இதை டீஃபால்ட் என்போம்: நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று வேறொருவர் எடுத்துவைத்த முடிவு. இதன் வலிமை பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. 2003ல் எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் இருவரும் உறுப்பு தானத்துக்கு ஒப்புக்கொண்டவர்களின் விகிதத்தை நாடுவாரியாக ஒப்பிட்டார்கள். ஜெர்மனியில் 12 சதவீதம், பக்கத்து ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். ஒரு நாட்டில் விரும்பினால் பெயர் கொடுக்க வேண்டும், மற்றதில் விரும்பாவிட்டால் பெயரை எடுக்க வேண்டும். ஆஸ்திரியர்கள் எட்டு மடங்கு கருணை உள்ளவர்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். அந்த நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதில் எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து ஒப்புக்கொண்டார்கள் என்பதும் அந்த எண்ணிலிருந்து தெரியாது. என் டாஷ்போர்டிலிருந்த 'விசுவாசம்' மாதிரிதான்.

நிறுவனங்களுக்கு இது எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். ஆப்பிளின் சஃபாரி உலாவியில் தேடல் இயந்திரத்தை மாற்ற நான்கைந்து தட்டு போதும், யாரும் தடுப்பதில்லை. இருந்தும் அங்கே முதலில் தன் பெயர் இருப்பதற்காக கூகுள் 2022ல் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது, வழக்கு ஆவணங்களில் வெளியே வந்த தொகை இது. மக்கள் மாற்றமாட்டார்கள் என்பதற்கான விலை அது. அடுத்த முறை யாராவது "வேண்டாமென்றால் செட்டிங்ஸில் போய் மாற்றிக்கொள்ளலாமே" என்று சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சந்தாவுக்கே நேராகப் பொருந்துகிற ஆய்வு ஒன்றும் உண்டு. லிரான் ஐனாவ், பெஞ்சமின் க்ளோபாக், நீல் மஹோனி என்ற பொருளாதார அறிஞர்கள் 2023ல் வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு நல்ல தருணம்: கார்டு மாறும் மாதம். பழைய கார்டு காலாவதியானால் சந்தா தானாக ஓடாது, வேண்டும் என்றால் புது எண்ணைப் போட வேண்டும். அந்த மாதத்தில் மட்டும் விலகுகிறவர்களின் எண்ணிக்கை எகிறுகிறது. அதாவது அதற்கு முந்தைய மாதங்களிலும் வேண்டாம் என்றுதான் இருந்திருக்கிறார்கள், யாரும் கேட்கவில்லை. இந்தக் கவனமின்மையால் மட்டும் விற்பவரின் வருமானம் சேவையைப் பொறுத்து 14 சதவீதத்திலிருந்து 200 சதவீதத்துக்கு மேல் வரை கூடுகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். உங்கள் அப்பா விதிவிலக்கு இல்லை, அந்த வியாபாரமே அவரை மாதிரி ஆட்களை வைத்துத்தான் நிற்கிறது.

இனி சந்தேகத்துக்கு இடமான பக்கம். ஒரு திரையை வெளியிலிருந்து பார்த்து உள்நோக்கம் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. என் தமிழ்ப் பொத்தானைப் பார்த்த எவரும் அதைத் திட்டமிட்ட மோசடி என்றுதான் நினைத்திருப்பார். அதேபோல ஒவ்வொரு தடையும் கெட்டதில்லை. கணக்கையே அழிக்கும்போது மறுபடி கடவுச்சொல் கேட்பது, போனைத் திருடியவன் உங்கள் பத்து வருடப் படங்களை அழித்துவிடாமல் இருக்க. 'நிச்சயமாகவா?' என்று ஒரு முறை கேட்பதை நானே பல இடத்தில் வற்புறுத்திச் சேர்த்திருக்கிறேன். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: உள்ளே வந்த வழியையும் வெளியே போகும் வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பாதுகாப்புதான் காரணம் என்றால் பணம் கட்டும்போதும் அதே அக்கறை இருந்திருக்க வேண்டும். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தது. குக்கீக்களை (உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள இணையதளங்கள் உலாவியில் போடும் சிறு குறிப்புகள்) ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்ததற்காக 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. யார் என்ன நினைத்தார்கள் என்ற ஆராய்ச்சி இல்லாமல், இரண்டு வழிகளை ஒப்பிட்டே முடிவுக்கு வந்துவிட்டது.

இந்த மாதிரித் திரைகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர், 2010ல். அந்தப் பெயரால் ஒரு நன்மை, பேச ஒரு சொல் கிடைத்தது. ஒரு தீமையும் உண்டு: ஏதோ இருட்டில் கத்தியோடு ஒருவன் நிற்கிற மாதிரி நினைக்க வைக்கிறது. 2021ல் ஜேமி லுகுரி, லியர் ஸ்ட்ராஹிலெவிட்ஸ் இருவரும் வெளியிட்ட சோதனை இதற்கு நேர்மாறாகக் காட்டியது. முரட்டுத்தனமான திரைகள் சாதாரணத் திரையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பேரை ஒரு சேவையில் சேர வைத்தன, ஆனால் அவர்களைக் கோபப்படவும் வைத்தன. மென்மையான திரைகள் இரண்டு மடங்குக்கு மேல் சேர வைத்தன, யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. படிப்பு குறைந்தவர்கள் இந்த மென்மையான வகையில்தான் அதிகம் சிக்கினார்கள். ஒன்பது திரை உங்களைக் கோபப்படுத்தியது, இங்கே வந்து எழுதினீர்கள். அந்த முதல் டிக் யாரையும் கோபப்படுத்தவில்லை.

சட்டம் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் தொடர் சந்தா விற்பவர் விலகும் பொத்தானும் வைத்தாக வேண்டும். இந்தியா 2023 நவம்பரில் இந்த வகைத் தந்திரங்களில் 13ஐப் பெயர் சொல்லித் தடுத்து வழிகாட்டுதல் வெளியிட்டது, சந்தாப் பொறியும் அதில் ஒன்று. அமெரிக்காவில், சேர்ந்த அளவு எளிதாக விலகவும் முடிய வேண்டும் என்று 2024 அக்டோபரில் கொண்டுவந்த விதியை 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி ரத்து செய்துவிட்டது. பொத்தான் கட்டாயம் என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை உண்டு, அது இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லலாம். 'ஏமாற்றக் கூடாது' என்று பொதுவாக எழுதும் விதிகளில் அவ்வளவு இல்லை.

அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியவை. செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது, பலர் நினைப்பதற்கு மாறாக. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வழியாகவோ கூகுள் பிளே வழியாகவோ பணம் போயிருந்தால், அங்கே அவர் கணக்கின் கீழ் 'சந்தாக்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்த ஒன்பது திரைகளைத் தொடாமல் அங்கிருந்தே நிறுத்தலாம். வேறு ஏதாவது ஓடுகிறதா என்றும் அங்கேயே தெரிந்துவிடும். நேரடியாக கார்டு கொடுத்திருந்தால், ரத்து செய்த திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு வங்கியிடமும் சொல்லிவிடுங்கள். இனிமேல் இலவச நாட்களில் சேர்ந்தால், சேர்ந்த அன்றே விலகிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான சேவைகளில் மீதி இலவச நாட்கள் அப்படியே கிடைக்கும், சிலவற்றில் உடனே நின்றுவிடும் என்பதால் முதலில் அந்த வரியைப் படித்துவிடட்டும்.

அப்புறம், விலகும்போது 'ஏன் போகிறீர்கள்' என்று ஒரு பெட்டி வந்தால் எல்லோரும் எரிச்சலில் முதல் தெரிவை அழுத்திவிட்டுப் போவார்கள், அது பெரும்பாலும் 'விலை அதிகம்' என்று இருக்கும். 'மற்றவை' என்பதைத் தட்டி, 'விலகும் இடத்தைத் தேடி அலைந்தேன்' என்று ஒரு வரி எழுதுங்கள், முடிந்தால் அப்பாவையே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெட்டிகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். நான் படித்திருக்கிறேன். அந்த 'ரத்துசெய்' பொத்தான் கடைசியில் மாறியது என் அறிக்கையால் இல்லை. "நான் நாலு தடவை ரத்து செய்துவிட்டேன், இன்னும் பணம் போகிறது" என்று தமிழில் எழுதிய நாற்பத்து மூன்று பேரின் வரிகளை வெட்டி ஒரு தாளில் ஒட்டிக் கூட்டத்தில் வைத்தேன். 'விசுவாசமானவர்கள்' ஸ்லைடைப் போட்டவர்தான் அன்றைக்கே மாற்றச் சொன்னார்.